இரு நாட்டுப் பாலமும் பொதுத்துறைக் கணக்கும்

திருமங்கலத்தில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் சென்றடையும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, புளியரையைத் தாண்டி மலையேறிக் கேரளத்துக்குள் நுழைகிறது. சத்திரப்பட்டியில் நெய்த மருத்துவத் துணிக் கட்டுகளையும் ராஜபாளையத்துப் பஞ்சாலை நூலையும் ஏற்றிய லாரிகள் அவ்வெல்லையைக் கடக்கும்போது சாலை யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. இப்பாலும் அப்பாலும் அது மத்திய அரசின் நெடுஞ்சாலையே, 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச்சாவடியில் காத்துக்கிடக்கும் வழக்கமும் ஒழிந்துவிட்டது. அதே எல்லை இரு மாநிலங்களுக்கு இடையில் இல்லாமல் இரு நாடுகளுக்கு இடையில் அமைந்து, நடுவே ஓர் ஆறும் ஓடி, அதன்மேல் ஒரு பாலமும் நின்றால் நிலைமை முற்றிலும் வேறு. பாலத்தின் நடுப்பகுதி எந்த நாட்டுக்குச் சொந்தம், இரும்பு துருவேறாமல் வண்ணம் பூசுவது யார் செலவு, சுங்கக் கட்டணத்தை எந்தக் கரையில் எந்த நாணயத்தில் வாங்குவது, பாலத்தின்மேல் விபத்து நடந்தால் எந்த நாட்டுக் காவலர் வருவது என ஒவ்வொன்றும் எழுதித் தீர்க்கவேண்டிய வழக்காகிவிடுகிறது. இவற்றைக் கவனிப்பதற்கென்றே ஒரு நாட்டரசு தன் முழு உடைமையில் ஒரு கழகத்தை நடத்திவருகிறது. அந்த நாடு கனடா. கழகத்தின் பெயர் ஃபெடரல் பிரிட்ஜ் கார்ப்பரேஷன் லிமிடெட், அதாவது கூட்டரசுப் பாலக் கழகம்.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குக் கோடிக்கும் அதையடுத்த தென்காசிப் பக்கத்துக்கும் இத்தகைய சிக்கல் அடியோடு புதிது என்று சொல்வதற்கில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும்வரை செங்கோட்டை மலைக்கு அப்பாலிருந்த அரசின் ஆளுகையில் இருந்தது. திருவிதாங்கூரின் சங்கு முத்திரை பொறித்த நுழைவு வளைவு இன்றும் அவ்வூரில் நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து அவ்வூருக்குள் கால்வைத்தவர், வேறு சட்டமும் வேறு வரியும் வேறு நாணயமும் வழங்கிய ஒரு மன்னரின் நாட்டுக்குள் நுழைந்தார். மலைக்கு அப்புறம் கல்லடையாற்றின்மேல் ஆல்பர்ட் ஹென்றி என்னும் பொறியாளரைக் கொண்டு 1877இல் அமைக்கப்பட்ட புனலூர் தொங்கு பாலம் திருவிதாங்கூர் அரசின் தனிப் பணி. அது தன் நாட்டுக்குள்ளேயே நின்றதால் உரிமைச் சிக்கல் எழவில்லை. 1904இல் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையின் கதை அப்படியன்று. மதராஸ் மாகாண அரசு, திருவிதாங்கூர் அரசு, தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆகிய மூன்று தரப்பும் கைகோத்து அமைத்த அப்பாதை, கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தின்மேல் ஏறி, குகைகளுக்குள் நுழைந்து இரு அரசுகளின் நிலத்தை இணைத்தது. பின்னர் விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927இல் போடப்பட்ட பாதை அதனோடு வந்து சேர்ந்தது. உரிமையும் முதலீடும் பல தரப்பிடம் இருந்தபோதிலும் வண்டியை ஓட்டுவதும் பாதையைப் பழுதுபார்ப்பதும் ஒரே கம்பெனியின் பொறுப்பாக இருந்தன. எல்லை கடந்த கட்டுமானம் ஒன்று நெடுநாள் நிலைக்கவேண்டுமானால் உடைமையாளர் எத்தனை பேராயினும் நடத்துபவர் ஒருவராக இருக்கவேண்டும் என்பதைப் பிற்காலத்து அனுபவங்களும் திரும்பத் திரும்ப மெய்ப்பித்திருக்கின்றன.

கனடாவின் கழகம் 'கிரௌன் கார்ப்பரேஷன்' என்னும் வகையைச் சேர்ந்தது. கனடா அரசியலமைப்பில் அரசின் உடைமை முடியின் பெயரால் குறிக்கப்படுவதால் இப்பெயர். பொருளளவில் அது இந்தியர் அறிந்த பொதுத்துறை நிறுவனமேயாகும். பங்குகள் முழுவதும் அரசிடம் இருக்கும், இயக்குநர் குழுவை அரசு நியமிக்கும், ஆண்டறிக்கையைப் பொறுப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் வைப்பார், கணக்கை நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் தணிக்கை செய்வார். ஆனால் அன்றாட வேலையில் அமைச்சகத்தின் கோப்புக்காகக் காத்திராமல் ஒரு கம்பெனியைப் போல் ஒப்பந்தம் செய்யவும் கட்டணம் வசூலிக்கவும் அதற்கு உரிமை உண்டு. பாலத்தைப் போன்ற சொத்துக்கு இந்த இரட்டை இயல்பு பொருந்திவருகிறது. அரசுத் துறையாக இருந்தால் சுங்கக் கட்டணம் பொதுக் கருவூலத்தில் போய்க் கலந்துவிடும், வண்ணம் பூசுவதற்கான தொகையை ஒவ்வோர் ஆண்டும் நிதியமைச்சகத்திடம் கேட்டுப் பெறவேண்டியிருக்கும். தனியார் கம்பெனியாக இருந்தால் எல்லை என்னும் நாட்டுச் சொத்து ஒரு குடும்பத்தின் இலாபக் கணக்குக்குள் போய்விடும்.

இக்கழகம் திட்டமிட்டுப் பிறந்ததன்று. அட்லாண்டிக் கடலிலிருந்து கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்தின் உள்நாட்டு ஏரிகள்வரை செல்வதற்காக 1959இல் திறக்கப்பட்ட செயின்ட் லாரன்ஸ் கடல்வழியை நடத்திய ஆணையம், கால்வாய் மதகுகளோடு சில பாலங்களையும் தன் பொறுப்பில் வைத்திருந்தது. 1998இல் அவ்வாணையத்தைக் கலைத்த அரசு, கப்பல் போக்குவரத்தை இலாப நோக்கற்ற ஓர் அமைப்பிடம் ஒப்படைத்தது. கப்பலோடு தொடர்பில்லாத பாலங்கள் அநாதையாக நின்றன. அவற்றை ஏற்றுக்கொள்வதற்காகவே அவ்வாண்டு கூட்டரசுப் பாலக் கழகம் பதிவு செய்யப்பட்டது. தொடக்கத்தில் மாண்ட்ரியால் நகரத்துப் பெரிய பாலங்களும் அதன் கீழ் இருந்தன. 2014இல் அவை தனி நிறுவனத்திடம் போயின. மறு ஆண்டு, ப்ளூ வாட்டர் பாலத்தைத் தனியே நடத்திவந்த ஆணையமும் செயின்ட் மேரீஸ் ஆற்றுப் பாலக் கம்பெனியும் இதனோடு இணைக்கப்பட்டன. இவ்வாறு உள்நாட்டுப் பாலங்கள் விலகி எல்லைப் பாலங்கள் மட்டும் எஞ்சியதால், ஒட்டாவாவைத் தலைமையிடமாகக் கொண்ட கழகம் 2015 முதல் ஒண்டாரியோ மாகாணத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலுள்ள நான்கு கடவைகளுக்குரிய நிறுவனமாகத் தெளிவான உருவம் பெற்றது.

நான்கு கடவைகளும் நான்கு விதமாக நடத்தப்படுகின்றன என்பதே இதில் முதலில் வியப்பூட்டும் செய்தி. சூ செயின்ட் மரி நகரத்தில் 1962இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 4.5 கி.மீ. நீளமுள்ள பாலத்தை அமெரிக்கத் தரப்பிலுள்ள மிச்சிகன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஒரு பிரிவு முழுவதுமாக இயக்குகிறது. கனடாவும் மிச்சிகனும் சம எண்ணிக்கையில் நியமிக்கும் உறுப்பினர் குழு மேற்பார்வையிடுகிறது. கட்டுமானத்துக்காக வாங்கிய கடன்பத்திரங்களின் தொகை சுங்கக் கட்டணத்திலிருந்தே 2000இல் அடைந்துமுடிந்தது. 1938 ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் கனடாப் பிரதமர் மெக்கன்சி கிங்கும் சேர்ந்து திறந்துவைத்த ஆயிரம் தீவுப் பாலத் தொடரை நியூயார்க் மாநிலத்து மாவட்ட அமைப்பு ஒன்று நடத்துகிறது. தீவுக்குத் தீவு தாவிச்செல்லும் அத்தொடரில் உண்மையான பன்னாட்டு எல்லையைக் கடப்பவை வெறும் 27 மீட்டர் நீளமுள்ள இரு சிறு இணைப் பாலங்கள். கார்ன்வால் நகரக் கடவைக்கு இரு நாட்டுக் கூட்டு ஏற்பாட்டில் ஒரு துணை நிறுவனம் உண்டு. பாயிண்ட் எட்வர்டு ஊரிலுள்ள ப்ளூ வாட்டர் பாலத்தின் கனடாப் பாதியை மட்டுமே கழகம் தன் ஊழியரைக்கொண்டு நேரடியாக நடத்துகிறது.

ப்ளூ வாட்டர் பாலத்தின் நடைமுறையைச் சற்று அருகிலிருந்து பார்த்தால் எல்லைப் பாலத்தின் இலக்கணம் புலப்படும். ஹியூரான் ஏரியின் நீர் செயின்ட் கிளேர் ஆறாக இறங்கும் முகத்தில், கனடாவின் சார்னியா நகருக்கும் அமெரிக்காவின் போர்ட் ஹியூரான் நகருக்கும் இடையில், ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இரண்டு பாலங்கள் நிற்கின்றன. முதலாவது 1938இலும் இரண்டாவது 1997இலும் திறக்கப்பட்டன. அமெரிக்காவுக்குச் செல்லும் வண்டிகளுக்குப் பழைய பாலமும் கனடாவுக்கு வரும் வண்டிகளுக்குப் புதிய பாலமும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆளுக்கொரு பாலம் என்று பங்கு பிரித்திருந்தால் கணக்கு எளிதாக முடிந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. ஆற்றின் நடுவிலுள்ள எல்லைக்கோட்டில் இரண்டு பாலங்களுமே பாதிபாதியாகப் பிரிகின்றன. கிழக்குப் பாதிகள் கழகத்துக்கும் மேற்குப் பாதிகள் மிச்சிகன் அரசுக்கும் உரியன. ஆகவே எந்தப் பாலத்தில் பழுது பார்த்தாலும் இரு தரப்பும் கலந்து பேசியே தடத்தை மூடவேண்டும், ஒருவர் தம் பாதியைப் புதுப்பித்துவிட்டு மற்றவர் விட்டுவிட்டால் பாலத்துக்குப் பயனில்லை.

சுங்கக் கட்டணத்தில் அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு நாடும் தன் கரையிலிருந்து புறப்பட்டுச் செல்லும் வண்டியிடம் மட்டும் வாங்குகிறது. வருகிற வண்டியிடம் வாங்குவதில்லை. போய்த் திரும்பும் ஒருவர் இரு தரப்புக்கும் ஒருமுறை செலுத்திவிடுகிறார், எனவே வசூலைக் கூட்டி வகுத்துப் பங்குபிரிக்கும் தகராறு எழுவதில்லை. இங்கே ஒரு சொல்விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் நெடுஞ்சாலையில் வாங்கும் கட்டணத்தையும் நாட்டு எல்லையில் பொருளுக்கு விதிக்கும் வரியையும் சுங்கம் என்றே சொல்லிவருகிறோம்; எல்லைப் பாலத்தில் இவை இரண்டும் அடுத்தடுத்து நிகழ்கின்றன, ஆயினும் வாங்குவோர் வெவ்வேறானவர். முன்னது பாலக் கழகத்தின் வருவாய், பின்னது நாட்டரசின் வருவாய். கனடாவின் சுங்கவரிச் சட்டப்படி, எல்லைப் பாலத்தை நடத்துபவர் சுங்கத் துறை அதிகாரிகளுக்கு வேண்டிய கட்டடத்தையும் வசதிகளையும் வாடகையின்றித் தம் செலவிலேயே அமைத்துப் பராமரித்துக் கொடுக்கவேண்டும். ஆகவே லாரி ஓட்டுநர் கொடுக்கும் பாலக் கட்டணத்தில் ஒரு பகுதி, அடுத்த சாவடியில் அவருடைய சரக்கைச் சோதிக்கும் அதிகாரியின் அறைக்கும் விளக்குக்கும் போய்ச்சேர்கிறது. டொரண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் வாழ்ந்து, சிகாகோ, டெட்ராய்ட் பக்கத்து உறவினர் வீட்டுத் திருமணங்களுக்குக் காரில் சென்றுவரும் தமிழ்க் குடும்பங்கள் இக்கட்டணத்தைச் செலுத்தாமல் இப்பாலத்தைக் கடக்க முடியாது.

கார்ன்வாலின் கதை இன்னும் ஆழமானது. ஒரு பாலத்தை நடத்துவது பொறியாளர் வேலை மட்டுமன்று என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவே ஒரு தீவு. தீவுக்குத் தெற்கே அமெரிக்கக் கரையை இணைக்கும் பாலம் ஒன்று, வடக்கே கனடாவின் கார்ன்வால் நகரை இணைக்கும் பாலம் மற்றொன்று. தீவு, மோஹாக் பழங்குடி மக்களின் அக்வசாஸ்னே என்னும் பூர்விக நிலத்தின் ஒரு பகுதி. ஒண்டாரியோ, கியூபெக், நியூயார்க் ஆகிய மூன்று ஆட்சிப் பகுதிகளிலும் பரவிக்கிடக்கும் அந்நிலத்தின் குறுக்கே எல்லைக்கோடு பின்னாளில் வரையப்பட்டதே தவிர, அவர்கள் எல்லையைத் தேடி வந்து குடியேறியவர்கள் அல்லர். தம் நிலத்தின்மேல் பாலம் போட்டதற்கு ஈடாக அவர்களுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. அங்கே செல்லும் வண்டிகளில் பெரும்பாலானவை கட்டணமில்லா வண்டிகளே. எனவே அக்கடவையை வணிகக் கணக்கில் இலாபகரமாக நடத்துவது அரிது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டிகள் மதுரைக்குப் போகும் வழியில் கப்பலூர் சுங்கச்சாவடியைக் கடக்கவேண்டியிருப்பதும், உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு வேண்டும் என்று திருமங்கலம் வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் போராட்டம் நடந்ததும் வாசகர்கள் அறிந்ததே. பாலமோ சாலையோ யாருடைய வீட்டு வாசலை மறித்துப் போகிறதோ அவரிடம் கட்டணம் கேட்கலாமா என்பது கார்ன்வாலுக்கும் கப்பலூருக்கும் பொதுவான கேள்வி. கார்ன்வாலில் அது உடன்பாட்டில் எழுதப்பட்டது, கப்பலூரில் ஒவ்வொரு முறையும் மறியலில் எழுப்பப்பட்டது.

2009இல் கனடா அரசு அங்கிருந்த தன் எல்லை அதிகாரிகளுக்குத் துப்பாக்கி வழங்க முற்பட்டபோது, தம் தீவிலிருந்த சோதனைச்சாவடியில் ஆயுதம் ஏந்தியவர் நிற்பதை மோஹாக் மக்கள் ஏற்கவில்லை. மே மாத இறுதியில் எதிர்ப்பு வலுத்தது. அதிகாரிகள் சாவடியைக் காலிசெய்து வெளியேறினர். கடவை ஏறத்தாழ ஆறு வாரம் மூடிக்கிடந்தது. ஜூலையில் திறந்தபோது சாவடி தீவிலிருந்து பெயர்ந்து வடகரையில் கார்ன்வால் நகரத்தின் பக்கம் வந்திருந்தது. அதனால் புதிய தொல்லை ஒன்று பிறந்தது: அமெரிக்கப் பக்கத்திலிருந்து தம் தீவு வீட்டுக்குத் திரும்பும் ஒருவர், வீட்டைத் தாண்டி வடபாலத்தில் ஏறிக் கார்ன்வாலில் வருகையைப் பதிவுசெய்துவிட்டு, மறுபடியும் பாலமேறித் தீவுக்கு வரவேண்டியதாயிற்று, தவறினால் வண்டி பறிமுதலாகும் அபாயமும் இருந்தது. பாலக் கழகத்துக்கு இதில் அதிகாரம் எதுவுமில்லை, எல்லைப் பாதுகாப்பு வேறோர் அமைப்பின் வேலை. ஆனால் பாலம் மூடிய நாட்களில் வருவாய் இழந்ததும் பழிச்சொல்லில் பங்கு பெற்றதும் கழகந்தான்.

அதே கார்ன்வாலில் இன்னொரு விநோதமும் உண்டு. 1962இல் கட்டிய வடபாலம் தேவைக்கு மீறிய உயரத்தில் அமைக்கப்பட்டது. கனடா தன் எல்லைக்குள்ளேயே தனிக் கப்பல் வழி ஒன்றை அப்பக்கம் வெட்டக்கூடும், அப்போது பெருங்கப்பல்கள் பாலத்தின் அடியில் செல்லவேண்டும் என்பது கணக்கு. அக்கால்வாய் வெட்டப்படவேயில்லை, எந்தக் கப்பலும் வரவில்லை. அரை நூற்றாண்டுக் காலம் அவ்வளவு உயரத்திலிருந்த இரும்பைப் பேணும் செலவு மட்டும் தொடர்ந்தது. கடைசியில் 2014 ஜனவரியில் தாழ்வான புதிய பாலத்தைத் திறந்துவிட்டுப் பழையதைப் பிரித்தெடுத்தார்கள். பாலம் கட்டுவோர் எதிர்காலத்தை எண்ணிச் செய்யும் ஒரு முடிவின் கடனைப் பராமரிப்போர் தலைமுறைக் கணக்கில் அடைக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அரசுடைமை ஒன்றே வழி என்று கனடா எப்போதும் நினைத்ததில்லை. வின்சர்–டெட்ராய்ட் நகரங்களுக்கிடையே 1929இல் திறக்கப்பட்ட அம்பாசடர் பாலம் தனியார் உடைமை. கனடா–அமெரிக்கச் சரக்கு வணிகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி அந்த ஒரே பாலத்தின்மேல் நடப்பதாகச் சொல்லப்படுகிறது. 2022 பிப்ரவரியில் லாரி ஓட்டுநர்களின் மறியலால் அது ஆறு நாள் முடங்கியபோது, கார்த் தொழிற்சாலைகள் உதிரிபாகமின்றி உற்பத்தியைக் குறைத்தன. தனியார் பாலமாயினும் மறியலை அகற்றியது அரசின் காவல்துறைதான். எல்லைப் பாலத்தைக் கட்டவோ மாற்றவோ விற்கவோ கூட்டரசின் ஒப்புதல் வேண்டும் என்று 2007இல் கனடா தனிச் சட்டமும் இயற்றியிருந்தது. அதன்பின் அம்பாசடருக்கு அருகிலேயே, 853 மீட்டர் நடுத்தாவு கொண்ட கார்டி ஹோவ் பாலத்தைக் கட்டும் முடிவெடுத்தபோது, அதற்கென வேறொரு பொதுத்துறை நிறுவனத்தை 2012இல் தொடங்கியது. கட்டுமானச் செலவு முழுவதையும் கனடாவே ஏற்பது, உடைமையை மிச்சிகனோடு பகிர்வது, போட்ட முதலைச் சுங்கக் கட்டணத்தில் எடுப்பது என்பன அவ்வுடன்பாட்டின் சாரம். தாராள மனம் என்று இதைச் சொல்வதைவிட வணிகக் கூர்மை என்று சொல்வதே பொருத்தம்.

சுங்கக் கட்டணத்தை நம்பிய கழகத்துக்குக் கொரோனாக் காலம் பெருஞ்சோதனையாக அமைந்தது. 2020 மார்ச் முதல் அவசியமற்ற பயணத்துக்கு எல்லை மூடப்பட்டது. சரக்கு லாரிகள் ஓடினாலும் கார்கள் பெருமளவில் நின்றன. வண்டி வராவிட்டாலும் பாலத்தின் செலவு குறைவதில்லை. பங்குக் கிணற்றில் ஓர் ஆண்டு யாரும் நீர் இறைக்காவிட்டாலும் தூர்வாரும் செலவு பங்காளிகள் தலையில் விழுவதைப் போன்றதே இதுவும். அத்தகைய ஆண்டில் கைகொடுக்க அரசு என்னும் உடைமையாளர் இருப்பது பொதுத்துறை அமைப்பின் பெரிய காப்பு.

இந்தியாவில் இவ்வேலை ஒரே கூரையின் கீழ் இல்லை. எல்லைப் பகுதிகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் சாலையும் பாலமும் அமைப்பதற்காக 2014இல் தொடங்கப்பட்ட, மத்திய அரசுக்கு முழுவதும் சொந்தமான தேசிய நெடுஞ்சாலைகள் மற்றும் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகம் பாலத்தைக் கட்டுகிறது. எல்லையைக் கடக்கும் ஆட்களையும் சரக்கையும் கையாளும் ஒருங்கிணைந்த சோதனைச்சாவடிகளை, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து 2012 முதல் இயங்கும் இந்தியத் தரைவழித் துறைமுக ஆணையம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் நடத்துகிறது. முன்னது கட்டிய பாலங்களுள் முதன்மையானது திரிபுராவின் சப்ரூமையும் வங்கதேசத்தின் ராம்கட்டையும் ஃபெனி ஆற்றின்மேல் இணைக்கும் மைத்ரி சேது. 1.9 கி.மீ. நீளம், 133 கோடி ரூபாய்ச் செலவு. இரு நாட்டுப் பிரதமர்களும் 2015இல் அடிக்கல் நாட்டினார்கள், 2021 மார்ச் 9 அன்று பாலம் திறந்துவைக்கப்பட்டது. அங்கிருந்து சிட்டகாங் துறைமுகம் ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவுதான் என்பதால் வடகிழக்குக்குக் கடல்வாசல் திறந்துவிட்டது என்று கொண்டாடப்பட்டது. ஆனால் திறப்புவிழாவுக்குப் பின் மூன்றாண்டு கழித்தும் வழக்கமான போக்குவரத்து தொடங்கவில்லை. சப்ரூம் பக்கத்துச் சோதனைச்சாவடியே 2024 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது, அவ்வாண்டு ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்தபின் நிலைமை மேலும் தள்ளிப்போயிற்று. தூணும் தளமும் எழுந்தன. இரு கரையிலும் அதைப் பொறுப்பேற்று நடத்தும் கூட்டு அமைப்பு எழவில்லை.

பராமரிப்புப் பொறுப்பு தெளிவாக வகுக்கப்படாவிட்டால் வருத்தம் வணிகத்தோடு நிற்பதில்லை. நேபாளத்துக்குள், எல்லையை ஒட்டி, 56 மதகுகளோடு நிற்கும் கோசித் தடுப்பணையின் மேல்தளம் அங்கே ஆற்றைக் கடக்கும் பாலமாகவும் பயன்படுகிறது. 1954இல் செய்து 1966இல் திருத்திய ஒப்பந்தப்படி நிலம் நேபாளத்துடையது, 199 ஆண்டுக் குத்தகையில் அணையை இயக்குவதும் கரைகளைப் பேணுவதும் இந்தியாவினுடையது. 2008 ஆகஸ்ட் 18 அன்று குசஹா என்னுமிடத்தில் கிழக்குக் கரை உடைந்து ஆறு பழைய தடத்தில் பாய்ந்தபோது பீகாரில் இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். கரை பலவீனமாக இருந்தது முன்பே தெரிந்திருந்தும் உரிய நேரத்தில் வேலை நடவாததற்கு இரு தரப்பும் ஒன்றையொன்று குறைகூறின.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்க்கு அன்றாடம் பழகிய ஜொகூர் தரைப்பாலம், 1920களில் ஒரே ஆங்கில ஆட்சியின் நிழலில் கட்டப்பட்டு, பிற்காலத்தில் இரு நாட்டு எல்லையாகிப்போனது. அதற்குப் பொதுவான நிர்வாகக் கழகம் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்வதால், தன் பாதியை மட்டும் இடித்து வளைந்த பாலமாக மாற்றும் திட்டம் ஒன்றை மலேசியா வகுத்தது. மறுபாதிக்காரர் உடன்படாத நிலையில் 2006இல் அது கைவிடப்பட்டது. பாதிப் பாலத்தை மாற்றலாம் என்ற எண்ணம் ஏட்டளவில் எவ்வளவு உரிமையுடையதாயினும் நடைமுறையில் எவ்வளவு வீண் என்பதை அது காட்டிக்கொடுத்தது.

ராஜபாளையத்துக்குத் தெற்கே, சிவகிரிக்கு மேலுள்ள மலையில் இதன் உள்நாட்டு வடிவத்தைக் காணலாம். மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்புவதற்காகப் பழங்காலத்தில் அமைந்த செண்பகவல்லி அணையின் தடுப்பு, 1956க்குப் பின் கேரளத்தின் எல்லைக்குள் நிற்கிறது. பயன்பெறும் வயல்கள் தமிழ்நாட்டில். தடுப்பு உடைந்தபின் சீரமைப்புக்குத் தமிழக அரசு தன் பங்குத் தொகையைச் செலுத்தியும் வேலை நடக்கவில்லை, செலுத்திய தொகை திரும்பி வந்தது. வாசுதேவநல்லூர், சிவகிரி வட்டார விவசாயிகள் பல பத்தாண்டுகளாக மனுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு இடையிலேயே, பெரும் செலவு கேட்காத ஒரு தடுப்புச் சுவருக்கு நடத்துநர் இல்லாமற்போனால் நேர்வது இதுதான்.

இத்தனையையும் தமிழ்நாடு இப்போது கவனித்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1964 டிசம்பர்ப் புயல்வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடியது. சென்னையில் ரயிலேறியவர் ஒரே பயணச்சீட்டில் கொழும்பு போய் இறங்கினார். 2023 ஜூலையில் இந்தியப் பிரதமரும் இலங்கை அதிபரும் வெளியிட்ட கூட்டு ஆவணம், இரு நாடுகளுக்கிடையே தரைவழி இணைப்பு அமைப்பதற்கான சாத்திய ஆய்வு மேற்கொள்ளப்படும் என்று குறிப்பிட்டது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த, 2 கி.மீ.க்குச் சற்று மிகுந்த நீளமுள்ள, தூக்குத் தளம் கொண்ட புதிய ரயில் பாலத்தைக் கண்டவர்கள், கடலின்மேல் பாலம் போடும் திறமை குறித்து ஐயப்படமாட்டார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 30 கி.மீ. கடலில் திறமையைவிடக் கடினமான கேள்விகள் கிடக்கின்றன. 1974, 1976 உடன்படிக்கைகள் வரைந்த கடலெல்லைக் கோட்டின் இருபுறமும் தலைமுறைகளாக வலைவீசிவந்த ராமேசுவரம், மன்னார் மீனவர்களின் நிலை, கார்ன்வால் தீவின் மோஹாக் மக்களின் நிலையிலிருந்து பெரிதும் வேறானதன்று. எந்தக் கரையில் சோதனைச்சாவடி, யாருக்குக் கட்டண விலக்கு, பவளப் பாறைகளுக்கு ஊறு நேர்ந்தால் யார் பொறுப்பு, புயலில் தூண் சேதமானால் எந்த நாட்டு நிதி முதலில் இறங்கும் என்பன வரைபடம் போட்டபின் கேட்கும் கேள்விகள் அல்ல. அச்சாத்திய ஆய்வு தொடங்குமானால், பொறியாளர்களோடு ஒரு தணிக்கையாளரும் ஒரு பன்னாட்டுச் சட்ட வல்லுநரும் இரு கரை மீனவர்களின் பிரதிநிதிகளும் முதல் கூட்டத்திலேயே உட்காரவேண்டும். பாலத்தின் நீளத்தைத் தீர்மானிப்பதற்கு முன் அதை நடத்தப்போகும் கழகத்தின் விதிகளை இரு அரசுகளும் எழுதி வெளியிடவேண்டும்.